ஒருவருக்குப் புகைப்படம், ஒருவருக்கு வாக்குமூலம்

நைரோபியின் கிமாத்தி தெருவில் ஒரு வெண்கலச் சிலை. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் குத்துவாள், சடை விழுந்த தலை. டெடான் கிமாத்தி தூக்கிலிடப்பட்ட ஐம்பதாம் ஆண்டு நினைவு நாளான 2007 பிப்ரவரி 18 அன்று அதைத் திறந்து வைத்தார்கள். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான கென்யாவின் மாவ் மாவ் எழுச்சியில் அவரைப் போலவே ஒரு மலைக்காட்டுப் படையை நடத்தியவர் வாருஹியு இட்டோட்டே. காட்டில் அவருக்கு ‘ஜெனரல் சைனா’ என்று பெயர். கிமாத்தியின் புகழில் கால்பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

இருவரும் கிகூயு இனத்தவர். வெள்ளைக் குடியேறிகள் பிடுங்கிக்கொண்ட நிலம்தான் இருவரையும் காட்டுக்கு விரட்டியது. 1952 அக்டோபரில் ஆங்கிலேய அரசு அவசரநிலை அறிவித்தபின் கிமாத்தி அபர்டேர் மலைக்காட்டிலும் சைனா கென்யா மலைக்காட்டிலும் தலைமை ஏற்றார்கள். போர்ப் பயிற்சியில் சைனாவே தேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயருக்காகப் பர்மா முனைக்குப் போய்வந்தவர் அவர். அங்கே பிற நாட்டு வீரர்களோடு பேசியதுதான் தன் கண்ணைத் திறந்தது என்று பின்னாளில் எழுதினார். கிமாத்தியின் பலம் எழுத்து. சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், காட்டுக்குள்ளும் கடிதம், கணக்கு, கூட்டக் குறிப்பு என்று எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

1954 ஜனவரியில் கழுத்தில் குண்டு பாய்ந்து சைனா பிடிபட்டார். இயன் ஹெண்டர்சன் என்ற போலீஸ் அதிகாரி அவரை நாள்கணக்கில் விசாரித்தார். படையின் அமைப்பு, ஆள்பலம், தலைவர்கள் என்று சைனா நிறையச் சொன்னார். மரண தண்டனை விதித்தார்கள். ஆனால், தோழர்களைச் சமரசப் பேச்சுக்கு அழைத்துக் கடிதம் எழுத அவர் இசைந்ததால் உயிர் தப்பினார். பேச்சு முறிந்தது, காட்டிக்கொடுத்தவர் என்ற பழி மட்டும் தங்கிவிட்டது.

கிமாத்தியை வேட்டையாடியதும் அதே ஹெண்டர்சன்தான். 1956 அக்டோபர் 21 அன்று நியேரி அருகே காட்டு விளிம்பில், பழங்குடிக் காவலர் ஒருவர் சுட்ட குண்டு காலில் பட்டு கிமாத்தி விழுந்தார். அப்போது எடுத்த படத்தைப் பாருங்கள்: மல்லாந்து கிடக்கும் உடல், விலங்கு பூட்டிய கைகள், திரித்திரியாகத் தொங்கும் முடி. ‘உங்கள் தலைவன் கதி இதுதான்’ என்று மக்களுக்குக் காட்ட அரசு அதைத் துண்டறிக்கைகளில் அச்சிட்டுப் பரப்பியது. அவமானப்படுத்த எடுத்த அந்தப் படமே வழிபாட்டுப் படமாக மாறிவிட்டது. சிலையின் சடையும் அதிலிருந்து வந்ததுதான்.

இந்த இடத்தில்தான் என் மனம் சைனாவின் பக்கம் சாய்கிறது. கிமாத்தி மீது கொலைக் குற்றம் சாட்டப்படவில்லை. துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்தார் என்பதே வழக்கு. நியேரி நீதிமன்றத்தில் அவர் சொன்ன பதில், தான் சரணடையத்தான் காட்டிலிருந்து வந்துகொண்டிருந்தேன் என்பது. உயிருக்குப் போராடும் மனிதன் சொல்லக்கூடிய சொல்தான் அது. அதற்காக அவரைக் குறைத்து மதிக்க எனக்கு மனம் வரவில்லை. அதே நியாயத்தை சைனாவுக்கும் தர வேண்டாமா? ஒருவர் வாக்குமூலத்தை ஊர் மறந்தது, மற்றவர் வாக்குமூலத்தைப் பிடித்துக்கொண்டது. கிமாத்தியின் வாயை 1957 பிப்ரவரி 18 அன்று காமிட்டி என்ற சிறையின் தூக்குக் கயிறு அடைத்துவிட்டது. சைனாவோ முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டே வாழ வேண்டியிருந்தது.

வடக்கே லோகிடாங் சிறையில், பின்னாளில் நாட்டை ஆண்ட ஜோமோ கென்யாட்டாவோடு சைனா அடைபட்டிருந்தார். கென்யாட்டா அவருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். நாடு விடுதலை பெற்ற பின் சைனா தேசிய இளைஞர் சேவை அமைப்பில் பதவி வகித்தார், 1967இல் தன் போர் நினைவுகளை நூலாக வெளியிட்டார். ஆனால் அதே கென்யாட்டா ஆட்சிக்கு வந்ததும் மாவ் மாவை ஒழிந்துபோன நோய் என்று பேசினார். ஆங்கிலேயர் போட்ட தடையையும் நீக்கவில்லை. அரசு வேலையில் இருந்த சைனாவின் மேல் அந்தப் புறக்கணிப்பின் நிழலும் விழுந்தது.

சைனா 1993இல் காலமானார். மாவ் மாவ் மீதான தடை நீங்கியது 2003இல்.