எடைத்தட்டும் சளிக்குப்பியும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியில் போய்வந்து பழகியவர்களுக்குத் தெரிந்திருக்கும், தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தத்தின் பெயர் ‘தாம்பரம் சானடோரியம்’. தினமும் எத்தனையோ பேர் “சானடோரியம் ஒண்ணு” என்று சீட்டு வாங்குகிறார்கள். அந்தச் சொல் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் எத்தகைய மௌனத்தை உண்டாக்கிற்று என்பதை அவர்களில் பலர் அறியமாட்டார்கள். டேவிட் சௌரி முத்து என்ற மருத்துவர் 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, மாதக்கணக்கான காத்திருப்பு. உலகமெங்கும் சானடோரியம் என்றால் அதுதான் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் புதுமைப்பித்தனை நடத்திக்கொண்டிருந்தேன். ‘ராஜமுக்தி’ படவேலையாகப் புனே போனவர் நோயோடு திரும்பி, 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார், வயது நாற்பத்திரண்டு என்று சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “அப்ப மருந்தே இல்லையா சார்?” என்று கேட்டாள். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இலேயே கண்டறியப்பட்டுவிட்டது. அது உண்மையில் வேலை செய்கிறதா என்பதை ஐயமறச் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு வெளியானது 1948 அக்டோபரில், புதுமைப்பித்தன் மறைந்த சில மாதங்களுக்குப் பின். அந்த மாணவிக்கு அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலின் மிச்சத்தைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. தமிழ் வாத்தியாரின் தொழில் வழக்கம், பொறுத்தருள்க. இந்நோய்க்கு நம்மிடையே வழங்கிய பெயர்களைக் கவனியுங்கள். எலும்புருக்கி. க்ஷயம். க்ஷயம் என்றால் தேய்வு. தக்கனின் சாபத்தால் சந்திரனுக்கு வந்ததாகப் புராணம் சொல்லும் நோயும் இதுவே. ஆங்கிலேயர் பழங்காலத்தில் வைத்த பெயரும் உடலைத் தின்று தீர்ப்பது என்ற பொருளுடையதுதான். எல்லாப் பெயர்களும் ஒரே காட்சியைச் சொல்கின்றன: மனிதன் மெலிகிறான். அப்படியானால் குணமாவது என்பதற்கு என்ன அடையாளம்? சதைபிடிப்பதுதான். சானடோரியத்தின் நடுநாயகமாக எடைபார்க்கும் கருவி வீற்றிருந்ததில் வியப்பில்லை. பவுண்டு ஏறினால் நம்பிக்கை, இறங்கினால் வீட்டுக்குக் கடிதம்.

ராபர்ட் காக் 1882இல் நோய்க்கிருமியைக் கண்டுபிடித்துக் காட்டிய பின்னும் இந்த எடைத்தட்டின் அரசாட்சி மாறவில்லை. கிருமியைக் காண முடிந்ததே தவிரக் கொல்ல முடியவில்லை.

என் பாட்டியின் தம்பி ஒருவருக்கு இந்நோய் வந்தது. திண்ணையில் தனிப் படுக்கை, தனித் தட்டு, தனி லோட்டா; குழந்தைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது. சானடோரியத்தில் இடம் கேட்டு எழுதிப்போட்ட விண்ணப்பத்துக்கு ‘இடம் இருக்கிறது, அழைத்து வரலாம்’ என்று பதில் வந்த நாள் அவருடைய பதினாறாம் நாள் காரியம் என்று பாட்டி சொல்வாள். எந்த ஊர் சானடோரியம் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் நோயாளிகள் பல லட்சம், படுக்கைகள் சில ஆயிரம் என்ற கணக்கைப் பார்த்தபோதுதான் அதுவே பொதுவிதி என்று விளங்கியது. எத்தனை கட்டடம் கட்டினாலும் எட்டிப்பிடிக்க முடியாத பள்ளம் அது.

மேலே சொன்ன 1948ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளரின் திட்டம் அது. நோயாளிகள் 107 பேர். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எல்லோருக்கும் கொடுக்கப் போதிய மருந்து இல்லை. அந்தப் பற்றாக்குறையே குலுக்கலுக்கு நியாயமாயிற்று. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். ஆனால் ஒற்றை மருந்துக்குக் கிருமி விரைவிலேயே பழகிக்கொண்டது. பாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மருந்தும், 1952இல் ஐசோனியசிடும் வந்துசேர்ந்த பிறகே கூட்டு மருந்தாகக் கொடுத்தால் நோயை வெல்லலாம் என்ற நிலை வந்தது. இவை இரண்டும் விழுங்கக்கூடியவை. ஊசி போட ஆள் வேண்டாம். அப்படியானால் படுக்கையும் வேண்டாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் காண அமைக்கப்பட்டதுதான் சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் தலைமையேற்றார்.

சென்னையின் ஏழைப் பகுதிகளிலிருந்து, சளியில் கிருமி உள்ள, அதற்குமுன் சிகிச்சை பெறாத 193 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிடும் பாஸும், ஓராண்டு. குலுக்கலில் ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டுக்கே திரும்பினார்கள். வீடு என்றால் என்ன வீடு? ஓர் அறை, அதற்குள் அடுப்பு, பாய், மூன்று தலைமுறை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மருத்துவ வரலாற்று நூல்கள் இதைச் சட்டென்று கடந்து முடிவுக்குப் போய்விடுகின்றன. இருமலோடு இருக்கும் தாயை, தவழும் குழந்தை இருக்கும் அறைக்குத் திருப்பி அனுப்புவது பற்றிய தீர்மானம் இது. பிரிட்டிஷ் ஆய்வில் ஆபத்து நோயாளியோடு முடிந்தது. இங்கே குலுக்கலில் சேராத ஆட்களின் மேலும் அது விழுந்தது. கணிப்பு பொய்த்திருந்தால் விலை கொடுத்திருப்பவை அந்தக் குழந்தைகள். ஃபாக்ஸும் அவருடன் உழைத்த இந்திய மருத்துவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் நோயாளியோடு நில்லாமல் அவர் வீட்டில் இருந்த ஒவ்வொருவரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து சோதித்தார்கள். மறுபக்கம் பார்த்தால், ஆய்வு நடக்காவிட்டால் அந்தத் தாய் எங்கே இருந்திருப்பாள்? அதே அறையில்தான், மருந்துமில்லாமல், படுக்கை காலியாகும் என்று காத்துக்கொண்டு. என் பாட்டியின் தம்பியை நினைத்துக்கொண்டால் எனக்கு ஆய்வாளர்களின் பக்கமே நியாயம் தெரிகிறது. எனினும் நெஞ்சு சற்றுப் படபடக்கத்தான் செய்கிறது.

பாஸ் கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய மருந்து, வயிற்றைப் புரட்டும். வீட்டிலிருப்பவர் அதைச் சாப்பிடுகிறாரா, சாக்கடையில் போடுகிறாரா? மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். சளியைக் குப்பியில் வாங்கிவந்து ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்கிறதா என்று வாரக்கணக்கில் காத்திருந்து கண்டார்கள்.

1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் நோய் அடங்கிய நிலையை எட்டியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர், வீட்டில் 86 பேர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்த வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதன்று. ஐந்தாண்டுவரை பின்தொடர்ந்தபோது இரு பிரிவும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றன. வீட்டிலிருந்தவர்களின் குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உடனிருந்தோருக்குத் தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நேர்ந்துவிட்டிருந்தது. மருந்து உள்ளே போன பிறகு பரவும் வேகம் ஒடுங்கிப்போனது.

நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்த பகுதி வேறு. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. பலர் வேலைக்கும் போனார்கள். எடை யாருக்குக் கூடுதலாக ஏறியது? சானடோரியத்தில் இருந்தவர்களுக்கே. எடைத்தட்டை மட்டும் நம்பியிருந்தால் சானடோரியமே வென்றது என்று அன்று தீர்ப்பெழுதியிருப்பார்கள். சளிக்குப்பி வேறு சொன்னது. க்ஷயம், எலும்புருக்கி என்ற பெயர்களுக்குப் பின்னாலிருந்த நூற்றாண்டுகளின் மருத்துவ அறிவு 193 ஏழைகளின் சளியில் கவிழ்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு நடந்தவை வேகமானவை. 1962இல் இந்தியா வகுத்த தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடித்தளமாகக் கொண்டது. மேலைநாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கும் சென்னையின் ஆய்வு ஒரு காரணம். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவோரின் சிக்கல் எழுந்தபோது, வாரம் இருமுறை மருத்துவ ஊழியரின் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையையும் சென்னை மையமே 1960களில் சோதித்தது. பின்னாளில் ‘டாட்ஸ்’ என்று உலகெங்கும் அறியப்பட்ட முறையின் வேர்களில் ஒன்று இது. சேத்துப்பட்டு மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

ஆனால் ஒவ்வொரு நல்ல முடிவுக்கும் ஒரு மோசமான சுருக்கம் உண்டு. ‘வலுவான மருந்து கிடைத்தால் எளிய உணவு உண்பவரிடமும் சளியில் கிருமி ஒழியும்’ என்பதே 1959 ஆய்வு கண்டது. அது நாளடைவில் ‘மாத்திரை போதும், சோற்றைப் பற்றிப் பேச வேண்டாம்’ என்று ஆகிவிட்டது. அரசுக் கணக்கருக்கு இதைவிட இனிய செய்தி இருக்க முடியாது. மாத்திரைக்குப் பட்டியல் போடலாம், பட்டினிக்குப் போட முடியாது. இரு பிரிவிலும் சேர்த்து இருநூறு பேர்கூட இல்லாத ஓர் ஆய்வு, மெலிந்தவர்கள் கூடுதலாக இறக்கிறார்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்குப் பெரியதன்று. அந்தக் கேள்வியை அது கேட்கவும் இல்லை.

கேட்கப்பட்டது வெகுகாலம் கழித்து, ஜார்க்கண்டில். மங்களூரைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்களின் தலைமையில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வின் முடிவு 2023 ஆகஸ்டில் வெளியாயிற்று. சென்னை நிறுவனமும் அதில் பங்கேற்றது. நோயாளிகள் 2,800 பேர். அவர்களின் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப்பொருள். வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக உணவும் சத்து மாத்திரையும். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஊட்டமற்றவர்கள். உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிலோ, முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 விழுக்காடு ஏறியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது.

எடைத்தட்டு திரும்பிவிட்டது! சளிக்குப்பியைத் தோற்கடித்துவிட்டா என்றால், இல்லை. அதே மருந்துகள்தாம் ஜார்க்கண்டிலும் கிருமியைக் கொன்றன. கிருமி சாகுமுன் மனிதன் செத்துவிடாமல் பார்த்துக்கொண்டது சோறு. எலும்புருக்கி என்று பெயர் வைத்த நம் முன்னோர் பார்த்தது தவறான காட்சியன்று; நோயின் பாதியை அவர்கள் பார்த்தார்கள், சேத்துப்பட்டு மறுபாதியைப் பார்த்தது. காசநோயாளியின் உணவுக்காக 2018இல் மாதம் 500 ரூபாய் என்று தொடங்கி 2024 நவம்பரில் 1,000 ஆக்கப்பட்ட மத்திய அரசு உதவித்தொகைக்கு ‘நிக்ஷய்’ என்று பெயர். தேய்வு நீங்குக என்று பொருள்கொள்ளலாம். பழைய சொல்லேதான் திரும்பி வந்திருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு இன்று எத்தனை முட்டை வரும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

தமிழ்நாட்டில் 2022 முதல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நடைமுறையில் இருக்கிறது. நோய் உறுதியானதும் நோயாளியின் எடையையும் உயரத்தையும் அளக்கிறார்கள். மூச்சு எப்படி இருக்கிறது, பிறர் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மற்றவர்களை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிகவும் மெலிந்தவர்களையும் நிற்க முடியாதவர்களையும் மட்டும் மருத்துவமனையில் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சில நாட்களுக்காவது ஒரு படுக்கை கிடைக்கிறது.