கடன் கேட்டு வந்தவரின் ரகசியம்

சிறு தொழில் ஒன்றை விலைக்கு வாங்க நினைப்பவர் கடனுக்காக வங்கிப் படி ஏறும்போது தன் வருமானச் சான்றை மட்டும் கொண்டுபோவதில்லை. விற்பவரின் லாப நட்டக் கணக்கு, சரக்கு தருபவர்கள் கொடுக்கும் தவணை, கடையின் குத்தகைப் பத்திரம், பேசி முடித்த விலை எல்லாம் அந்தக் கோப்புக்குள் இருக்கும். இவற்றை வெளியே விடமாட்டேன் என்று விற்பவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பெரும்பாலும் அவர் அவற்றை வாங்கியிருப்பார். கடன் அதிகாரி ஒருவர் வாய் தவறினால் போதும்: வேலையாட்கள் வேறு இடம் பார்ப்பார்கள், சரக்குக்காரர் ரொக்கம் கேட்பார், போட்டியாளர் கூடுதல் விலையோடு நுழைவார், வாக்கை மீறியவர் என்ற பழியும் வாங்க வந்தவர் தலையிலேயே விழும். இத்தனைக்கும், வங்கி ரகசியம் பற்றிய சட்டம் நெடுங்காலம் இந்த மனிதரைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. கணக்கு வைத்திருப்பவருக்காக எழுந்த சட்டம் அது. ரகசியம் காக்கும் கடமை கணக்கு திறந்த நாளில் அல்ல, கோப்பு கைமாறிய நேரத்திலேயே தொடங்கியாக வேண்டும் என்பது என் வாதம். வழக்குகளின் வரலாறும் தயங்கித் தயங்கி அந்தத் திசையில்தான் நடந்திருக்கிறது.

தொடக்கம் இங்கிலாந்தில். டூர்னியர் என்ற விற்பனைப் பிரதிநிதி தன் வங்கிக்கு 9 பவுண்டு 8 ஷில்லிங் 6 பென்ஸ் பாக்கி வைத்திருந்தார். வாரம் ஒரு பவுண்டு கட்டுவதாக ஒப்புக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த கம்பெனியின் முகவரியையும் கொடுத்திருந்தார். தவணை நின்றதும் கிளை மேலாளர் அந்தக் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினார். வீட்டு முகவரி கேட்கத்தான் அழைத்தார். பேச்சோ அவருடைய பாக்கியைப் பற்றியும், குதிரைப் பந்தயத் தரகரிடம் அவர் பணம் போவதைப் பற்றியும் நீண்டது. டூர்னியரின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் தொடுத்த வழக்கில்தான், ரகசியம் காப்பது வங்கியின் நன்னடத்தை மட்டுமல்ல, ஒப்பந்தத்தில் உள்ளடங்கிய சட்டக் கடமை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 1924ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வெளியான அந்தத் தீர்ப்பில் நீதிபதி பேங்க்ஸ் நான்கு விலக்குகளை வகுத்தார்: சட்டக் கட்டாயம், பொதுக் கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம். பின்வந்த வழக்குகள் எல்லாம் இந்த நான்கையே சுற்றிவந்தன.

ஆனால் கடமை ஒப்பந்தத்திலிருந்து பிறக்கிறது என்றால், ஒப்பந்தம் இன்னும் ஏற்படாதவரின் கதி என்ன? அதே அமர்வில் இருந்த நீதிபதி ஸ்க்ரட்டன், வங்கி உறவு பற்றிய எண்ணமே எழுவதற்கு முன் வங்கி அறிந்துகொண்டவை இந்தக் கடமைக்குள் வாரா என்றார். சொன்னது எல்லையைக் குறுக்கத்தான். ஆயினும் அதற்குள் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. கடன் கேட்டு வருபவர் அந்த உறவை எண்ணித்தானே வருகிறார்! அந்தக் கதவை அப்போது யாரும் தட்டவில்லை. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு ஸ்டேட் வங்கிச் சட்டமும் 44ஆம் பிரிவில் ரகசியக் கடமையை வங்கியின் வாடிக்கையாளர்களை வைத்தே எழுதியிருக்கிறது.

கதவைத் திறந்தவை வேறு வழக்குகள். 1968இல் இங்கிலாந்தில் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் எஞ்சின் பற்றிய கோகோ வழக்கில் பேச்சுவார்த்தை முறிந்துபோயிருந்தது. ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை. ஆனாலும், ரகசியத் தன்மையுள்ள செய்தி, நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டு, சொன்னவருக்குக் கேடாகப் பயன்படுத்தப்பட்டால் அது தவறு என்று நீதிபதி மெகாரி விளக்கினார். அந்த வழக்கில் இவை நிறைவேறவில்லை என்று இடைக்காலத் தடையை மறுத்துவிட்டார். அளவுகோல் மட்டும் நிலைத்தது. அமெரிக்காவில் 1982இல் ஓக்லஹோமா மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். நார்மன் நகரில் ஒருவர் மலிவாக விலைக்கு வந்த இரட்டை வீட்டை வாங்க வங்கியில் கடன் கேட்டார். வங்கித் தலைவர்களின் மனைவிமார் அந்தச் சொத்தை வாங்கிவிட்டார்கள். கடன் கேட்பவர் தன் விவரங்களைச் சொல்லாமல் கடன் பெற முடியாது, வங்கியோடு சமமாக நின்று பேரம் பேசவும் முடியாது. ஆகவே விண்ணப்பத்தில் உள்ளதை ரகசியமாகக் காப்பது வங்கியின் கடமை என்றது நீதிமன்றம். நியாயத்தின் வேரை இந்தத் தீர்ப்பு பிடித்துவிட்டதாகவே நான் நினைக்கிறேன். கணக்கு இருக்கிறதா என்பதல்ல கேள்வி. சொல்லாமல் இருக்க அவருக்கு வழி இருந்ததா என்பதுதான்.

கடன் கொடுப்பவர் நாலு இடத்தில் விசாரிக்காமல் பணத்தை நீட்ட முடியுமா என்ற மறுப்பு வரும். முடியாதுதான். ஆனால் விசாரிப்பது வேறு, விளம்புவது வேறு. டூர்னியரின் மேலாளர் முகவரியைக் கேட்டுவிட்டு வைத்திருந்தால் வழக்கே எழுந்திராது. தகவல் பரிமாறிக்கொள்வது வங்கிகளின் பழைய வழக்கம், தொழில் செய்பவர் யாவரும் அறிந்தது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. இங்கிலாந்தில் ஒரு வங்கி கேட்டால் இன்னொரு வங்கி தன் வாடிக்கையாளரின் பணநிலை பற்றிக் கருத்து எழுதி அனுப்புவது நெடுநாள் நடைமுறையாக இருந்தது; வாடிக்கையாளரிடம் கேட்டதில்லை. 1999இல் டர்னர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம் அதை அறியாத வாடிக்கையாளரைக் கட்டாது, அதை அவருடைய மறைமுகச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றது.

மூன்றாவது மறுப்புக்கு மட்டும் என்னால் முழு விடை தர முடியவில்லை. கைநழுவிய தொழிலுக்கு நஷ்டத்தை எப்படிக் கணக்கிடுவது? விற்பவர் வேறு காரணத்துக்காகவும் மனம் மாறியிருக்கலாமே? ஓக்லஹோமாவில் சொத்தை வாங்கியவர்கள் யார் என்பதே கசிவின் தடத்தைக் காட்டியது. டர்னர் வழக்கில் பதில்கள் எழுத்தில் இருந்தன. தேநீர்க் கடையில் சொன்ன ஒரு வார்த்தைக்கு அப்படித் தடம் கிடையாது. அதனால் வாங்க வருபவர் தன் கையாலேயே தடத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது: கோப்பைக் கொடுக்கும்போதே இது ரகசியம், இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதித் தேதியோடு ஒப்புதல் பெறுவது; விற்பவர் பெயரை முதல் சுற்றில் மறைப்பது; கசிந்தது தெரிந்த அன்றே விற்பவரிடம் தானே சொல்லிவிட்டு, யார் யார் கோப்பைப் பார்த்தார்கள் என்று வங்கியிடம் எழுத்தில் பதில் கேட்பது. இவ்வளவு பாரமும் பலவீனமானவர் தோளிலேயே இருப்பது அநியாயம். கசியவில்லை என்று காட்டும் பொறுப்பை, கோப்பை வைத்திருந்தவர் மீது சுமத்தும் சட்டம் வந்தால்தான் அது இறங்கும்.