டஸ்டியின் காது

பாடகர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தொண்டையைப் பற்றியே எழுதுகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் டேப் ஓட்டியவன் நான். வந்திருப்பவருக்குக் காது இருக்கிறதா என்பது எங்களுக்கு இரண்டாவது டேக்கிலேயே தெரிந்துவிடும். இங்கிலாந்துப் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டைப் பற்றி எழுத எனக்கிருக்கும் தகுதி அது ஒன்றுதான்.

1939 ஏப்ரல் 16 அன்று லண்டனின் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். வைத்த பெயர் மேரி இசபெல் கேத்தரின் பெர்னடெட் ஓ'பிரையன். தெருவில் பையன்களோடு பந்து விளையாடித் திரிந்ததால் 'டஸ்டி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதாம். புழுதி படிந்தவள் என்று அர்த்தம். அப்பா வரிக் கணக்கு பார்க்கிறவர், சங்கீதப் பைத்தியம். மகளின் புறங்கையில் விரலால் தாளம் தட்டி, இது எந்தப் பாட்டு சொல் என்பார். மெட்டு கிடையாது, சொல் கிடையாது, தட்டு மட்டும்தான். அதைவிட நல்ல காதுப் பயிற்சியை நான் கேள்விப்பட்டதில்லை. பன்னிரண்டு வயதில் ஈலிங்கில் ஓர் இசைத்தட்டுக் கடைக்குப் போய் இர்விங் பெர்லினின் பாட்டு ஒன்றைத் தன் குரலில் பதிவு செய்துகொண்டு வந்தாள் அந்தப் பெண்.

1958இல் லானா சிஸ்டர்ஸ் என்ற மூவர் குழு. 1960இல் அண்ணன் டாமோடு சேர்ந்து தி ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ் என்ற நாட்டுப்பாடல் குழு. 'சில்வர் த்ரெட்ஸ் அண்ட் கோல்டன் நீடில்ஸ்' 1962இல் அமெரிக்காவில் முதல் இருபதுக்குள் வந்தது. எனக்கு அந்தப் பாட்டுகள் அவ்வளவாகப் பிடிக்காது. கொஞ்சம் பள்ளிக்கூட ஆண்டுவிழா வாடை.

அந்த வருஷக் கடைசியில் நாஷ்வில்லில் பதிவு செய்யப் போகும் வழியில் நியூயார்க்கில் இறங்கியபோதுதான் திருப்பம். இசைத்தட்டுக் கடை ஒன்றிலிருந்து 'தி எக்ஸைட்டர்ஸ்' குழுவின் 'டெல் ஹிம்' தெருவுக்கே கேட்கும்படி அலறியது. தன்னைக் கழுத்தைப் பிடித்து நிறுத்திய பாட்டு என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். கறுப்பினப் பாடகிகளின் குரலில் இருந்த அந்த அவசரம், அந்தப் பறைபோன்ற அடி, தன் அண்ணன் குழுவில் இல்லை என்று அவருக்குப் பட்டுவிட்டது. 1963இல் குழு கலைந்தது. நவம்பரில் தனியாகப் பாடி வெளியிட்ட 'ஐ ஒன்லி வான்ட் டு பீ வித் யூ' இங்கிலாந்துப் பட்டியலில் நாலாவது இடத்துக்கு வந்தது. 1964 ஜனவரி 1 அன்று, மான்செஸ்டரில் தேவாலயமாக இருந்து ஸ்டுடியோவாக மாறிய கட்டடத்தில், பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சி முதன்முதலாக ஒளிபரப்பானபோது அதில் அவர் இருந்தார். உயரக் கொண்டை, கண்ணைச் சுற்றிக் கரியாய் மை. ஊர் அந்தக் கொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் பதிவுசெய்த இடம் லண்டன் மார்பிள் ஆர்ச் பக்கம் இருந்த பிலிப்ஸ் ஸ்டுடியோ. தயாரிப்பாளர் ஜானி ஃபிரான்ஸ், வாத்திய அமைப்பு ஐவர் ரேமண்ட். அந்தக் கூடம் எங்கள் பாஷையில் 'டெட் ரூம்'. சுவரெல்லாம் சத்தத்தைக் குடித்துவிடும். பாடினால் குரல் திரும்பி வராது. மெத்தை அடித்த அறைக்குள் பாடுவதுபோல் இருந்தது என்று டஸ்டி குறைப்பட்டிருக்கிறார். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனி எடுத்த பாட்டுகளின் சத்தம் வேண்டும் அவருக்கு. எதிரே உட்கார்ந்திருந்ததோ ஜாஸ் வாசித்துப் பழகிய, வயதில் மூத்த ஆட்கள். நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் மோட்டவுன் பேஸ் நடையைக் கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? டஸ்டிக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் வாயால் பாடிக் காட்டினார். வரவில்லை என்றால் மறுபடி. ஹெட்போனில் இசையைக் காது கிழியும் அளவுக்கு வைக்கச் சொன்னார். 'கஷ்டமான பொம்பளை' என்ற பெயர் அங்கேதான் வந்தது.

இந்தப் பெயர் எப்படி வருகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் கூடத்தில் ஒரு பாடகி, பெயர் வேண்டாம், 'மூணாவது வயலின் அரை இழை இறங்குது' என்றார். சிரித்தார்கள். 'அம்மா, நீங்க உங்க வரியைப் பாருங்க' என்றார் ஒருவர். டேப்பைத் திருப்பி ஓட்டினேன். இறங்கித்தான் இருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. காப்பி வந்தது, எல்லாரும் குடித்தோம். அதே வார்த்தையை ஓர் ஆண் இசையமைப்பாளர் சொல்லியிருந்தால் 'என்ன ஞானம்' என்றிருப்போம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

1965இல் இத்தாலியின் சான்ரெமோ பாட்டு விழாவுக்குப் போன டஸ்டி, பீனோ டொனாஜோ பாடிய ஒரு பாட்டைக் கேட்டு அங்கேயே மனதைக் கொடுத்துவிட்டார். அதற்கு ஆங்கிலச் சொற்களை விக்கி விக்கமும் சைமன் நேப்பியர்-பெல்லும் அவசர அவசரமாக, டாக்ஸியில் போகிறபோதுகூட யோசித்து எழுதிக் கொடுத்தார்கள். அதுதான் 'யூ டோன்ட் ஹேவ் டு ஸே யூ லவ் மீ'. குரலைப் பதிய அந்த டெட் ரூம் உதவவில்லை. ஸ்டுடியோ மாடிப்படிகளுக்கு நடுவே மைக்கைக் கட்டி, படிக்கட்டில் நின்று பாடினார். கல்லும் இரும்பும் குரலைத் தூக்கி எறிந்தன. நாற்பத்தேழு டேக் ஆனது என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். நாற்பத்தேழோ ஏழோ, அந்தக் கடைசி உச்சத்தில் குரலைத் தொடர்ந்து வருகிற வெளி இருக்கிறதே, அதை எந்த எக்கோ மெஷினும் தராது. 1966இல் இங்கிலாந்தில் முதலிடம், அமெரிக்காவில் நாலாமிடம்.

தனக்குக் கிடைத்ததை எங்கிருந்து எடுத்தேன் என்று மறைத்தவர் அல்ல. 1965 வசந்தத்தில் மோட்டவுன் கலைஞர்கள் இங்கிலாந்தைச் சுற்றி வந்தபோது பல ஊர்களில் அரங்கம் பாதி காலி. அதே ஏப்ரலில் டஸ்டி தொகுத்து வழங்கிய 'தி சவுண்ட் ஆஃப் மோட்டவுன்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சுப்ரீம்ஸ், ஸ்மோக்கி ராபின்சனின் மிராக்கிள்ஸ், டெம்ப்டேஷன்ஸ், சின்னப் பையன் ஸ்டீவி வொண்டர் எல்லாரும் வீட்டுக் கூடத்துக்கே வந்தார்கள். அதற்கு நாலு மாதம் முன்னால், 1964 டிசம்பரில், தென்னாப்பிரிக்கா. நிறம் பிரித்து உட்காரவைத்த கூட்டத்துக்குப் பாடமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு போனவர். கேப் டவுன் அருகே எல்லா நிறத்தாரும் கலந்து உட்கார்ந்த கூட்டத்தின் முன் பாடினார். அரசு நாட்டைவிட்டு அனுப்பிவிட்டது. விளம்பரத்துக்காகச் செய்தார் என்று சொன்னவர்கள் இங்கிலாந்திலேயே இருந்தார்கள்.

1968இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கம்பெனி அவரை மெம்ஃபிஸுக்கு வரவழைத்தது. தயாரிப்பாளர்கள் ஜெரி வெக்ஸ்லர், டாம் டவுட், அரிஃப் மார்டின். வெக்ஸ்லர் தேடிச் சேர்த்த பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்ட, டஸ்டி ஒன்றுக்குக்கூடத் தலையாட்டவில்லை. அமெரிக்கன் சவுண்ட் ஸ்டுடியோவில் ரெஜி யங், டாமி காக்பில், ஜீன் கிறிஸ்மன் முதலான வாத்தியக்காரர்கள் குறிப்புத்தாள் இல்லாமல் பேசிப் பேசியே பாட்டைக் கட்டுவார்கள். லண்டனில் அவர் ஏங்கிய ஆட்கள் இவர்கள்தான். ஆனால் சோல் பாடகர் வில்சன் பிக்கெட் நின்று பாடிய இடம் இது என்று சொல்லக் கேட்டதும் டஸ்டிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முழுசாகக் கட்டி முடித்த இசைக்கு மேல் பாடிப் பழகிய காது, பாதி கட்டிய இசையோடு பாட மறுத்தது. கடைசியில் குரலை நியூயார்க்கில்தான் பதிந்தார்கள். 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' தட்டில் மெம்ஃபிஸ் இருக்கிறது. பாடும் டஸ்டி நியூயார்க்கில் நிற்கிறார்.

அரிதா ஃபிராங்க்ளினை மனதில் வைத்து எழுதி, அவர் வேண்டாம் என்றதால் டஸ்டிக்கு வந்தது 'சன் ஆஃப் எ பிரீச்சர் மேன்'. கத்தவே இல்லை. ரகசியம் சொல்வதுபோல் ஆரம்பித்து, வாத்தியத்துக்கு இம்மி பின்னால் நடக்கிறார். அந்த இம்மி முழுக்கக் காது. பாட்டு இரண்டு நாட்டிலும் முதல் பத்துக்குள் வந்தது. ஆல்பமோ அமெரிக்காவில் 99ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

அதன்பிறகு நீண்ட இறக்கம். 1970இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், ஆண்பிள்ளையிடம் போலவே பெண்பிள்ளையிடமும் என் மனம் போகும் என்று சொன்னார். அன்றைய இங்கிலாந்தில் யாரும் வாய்விடாத பேச்சு. அமெரிக்காவுக்குக் குடிபோனார். குடியும் மருந்தும் பிடித்துக்கொண்டன. 1987இல் பெட் ஷாப் பாய்ஸ் குழு தேடிப்பிடித்துப் பாடவைத்த 'வாட் ஹேவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்' இரண்டு நாட்டிலும் இரண்டாமிடம் வந்தது. 1994இல் 'பல்ப் ஃபிக்ஷன்' படத்தில் 'சன் ஆஃப் எ பிரீச்சர் மேன்' ஒலித்து, புதுத் தலைமுறையும் கேட்டது. மார்பகப் புற்றுநோய் கண்டதும் அதே வருஷம். 1999 மார்ச் 2 அன்று ஹென்லியில் இறந்தபோது வயது 59. பதின்மூன்று நாள் கழித்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

அறுபதுகளில் பிலிப்ஸில் தன் பாட்டுகளின் தயாரிப்பில் பெரும்பங்கு தன்னுடையதுதான் என்று டஸ்டி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பழைய தட்டு எங்காவது கையில் கிடைத்தால் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைப் பாருங்கள். பாடகி என்று அவர் பெயர் இருக்கும். தயாரிப்பாளர் என்று இருக்காது.