எரிந்த கடையும் எரியாத கணக்கும்

2018 மார்ச் 5. திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்ட நாள். ஓர் இளைஞரின் உயிரும் போனது. அந்த நாளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நாங்கள் கேட்க நினைப்பது ரொம்பச் சின்னக் கேள்வி: ஒரு கடை எரியும்போது அதற்குள் இருக்கிற கணக்குக்கு என்ன நடக்கும்?

ஒரு சின்னக் கடையின் சொத்து தட்டில் அடுக்கியிருக்கும் சாமான் மட்டுமில்லை. யார் எவ்வளவு தரணும், மொத்த வியாபாரிக்கு எவ்வளவு கொடுக்கணும் என்ற கணக்கும் சொத்துதான். கடன் கொப்பியில் இருந்தாலும் சரி, காசுமேசையில் இருக்கும் கணினியில் இருந்தாலும் சரி, கடையோடு அதுவும் போகும். பிறகு இழப்பை நிரூபிக்கவும் அதே கணக்குத்தான் தேவைப்படும்!

கணக்கும் கடையும் ஒரே கூரையின் கீழ் இருக்கத்தான் வேண்டுமா? வேண்டாம் என்ற பதிலுக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1960களில் கணினி என்பது ஓர் அறையையே நிரப்பும் இயந்திரம். எல்லோருக்கும் ஒவ்வொன்று வாங்க வழியில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஒரே இயந்திரத்தைப் பல 'மெய்நிகர்' இயந்திரங்களாகப் பிரித்துக் காட்டும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1972இல் அது விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இயந்திரம் ஒன்று; ஆனால் முன்னால் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் அது தன்னுடையது.

பிறகு மலிவான கணினிகள் வந்தன. எல்லாம் மேசைக்கு மேசை பிரிந்துபோனது. 1990களில் பழைய யோசனை திரும்பி வந்தது. 1995இல் சிட்ரிக்ஸின் வின்ஃப்ரேம், 1998இல் மைக்ரோசொப்டின் டேர்மினல் சேர்வர். மேசையில் இருப்பது திரையும் கீபோர்டும் மட்டும். வேலை நடப்பது வேறிடத்திலுள்ள சேர்வரில். ஆனால் சேர்வரும் லைசன்ஸும் வாங்குகிற சக்தி பெரிய கம்பனிகளுக்குத்தான் இருந்தது. 1999இல் தொடங்கிய லினக்ஸ் டேர்மினல் சேர்வர் திட்டம் அந்த விலையைக் கொஞ்சம் உடைத்தது. மென்பொருள் இலவசம், பழைய கணினிகளே போதும். 2019இல் மைக்ரோசொப்ட் மேசைக்கணினியையே மேகத்தில் வாடகைக்கு விடத் தொடங்கியபோது, ஐந்து பேர் வேலை செய்கிற அலுவலகத்துக்கும் கதவு திறந்தது. சேர்வர் வாங்கத் தேவையில்லை. கடை மூடிக்கிடந்தாலும் வீட்டிலிருந்து அதே திரையைத் திறக்கலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அதன் அருமை பலருக்கும் விளங்கியது.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. இங்கேதான் எங்கள் நாட்டின் வரலாறு குறுக்கே வருகிறது.

திகன வன்முறைக்குப் பிறகு, 2018 மார்ச் 7ஆம் திகதி, பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசு முடக்கியது. ஒரு வாரமளவு அப்படியே கிடந்தது. அன்று நிறுத்தியது சமூக வலைத்தளங்களை. ஆனால் வழியை மூடுகிற கை யாருடையது என்று அன்றே தெரிந்துவிட்டது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. டொலரில் வாடகை கட்டுகிறவருக்கு, எதையும் புதிதாக வாங்காமலே செலவு கூடியது. அதே வருஷம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ரவுட்டர் அணைந்தால் மேகத்திலிருக்கும் கணக்கைக் கடையிலிருந்து எட்டிப் பார்க்கவும் முடியாது. கடன் கொப்பிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

அதனால் நாங்கள் சொல்வது இதுதான்: கணக்கைக் கடைக்கு வெளியே வையுங்கள், ஆனால் ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். மேகத்தில் ஒரு பிரதி, வீட்டு அலுமாரியில் ஒரு ஹார்ட்டிஸ்க். வாரத்துக்கு ஒருதரம் பிரதி எடுக்கப் பெரிய செலவில்லை.

கணக்கைக் காப்பாற்றத் தொழில்நுட்பம் போதும். கடையைக் காப்பாற்றப் போதாது. அதற்குப் பக்கத்துக் கடைக்காரர் வேண்டும், சட்டம் வேண்டும், எரிக்க வருகிறவனைத் தடுக்கிற பொலிஸ் வேண்டும். அவற்றுக்கு மெய்நிகர் பிரதி கிடையாது.