கங்காணியின் தெரிவும் அரசின் அனுமதியும்

புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரை மன்னார் வளைகுடாவை நோக்கிக் கிடக்கின்றது. 1667ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டை, கடலேரியின் வாயிலைக் காத்து நிற்கும் காவலன் போல் இன்றும் அங்கே காட்சியளிக்கின்றது. தென்னிந்தியக் கரையிலிருந்து இக்கரைக்கு மக்கள் வந்து குடியேறுதல் நெடுநாளைய வழக்கமாகும். உடப்பு மக்கள் தம் முன்னோர் இராமேசுவரக் கரையிலிருந்து வந்தோர் எனக் கூறுவர். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, கடல் கடந்து வந்த செட்டிமார் மரபினர். அவர் 1838இல் சட்டநிரூபண சபையில் அங்கத்தவராய் அமர்ந்தார். அந்நாளில் பிரசாவுரிமைப் பத்திரம் என்பதொன்று இருந்ததில்லை.

இந்நிலை எவ்வாறு மாறியது? மலைநாட்டில் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பெருகியபோது ஆயிரமாயிரம் தொழிலாளர் தேவைப்பட்டனர். அவர்களைத் தெரிந்தெடுக்கும் பணி கங்காணியிடம் விடப்பட்டது. அவன் தன் ஊருக்குச் சென்று, தன் உறவினரையும் அயலாரையும் திரட்டி, வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வந்தான். அம்முன்பணமே தொழிலாளியின் கழுத்தில் விழுந்த முதற் கடன். தெரிவு முற்றாகக் கங்காணியின் கையில் இருந்தமையால், தெரிந்தெடுக்கப்பட்டவன் அவனுக்கே கடனாளி ஆயினான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசும் தோட்டத்துரைமாரும் இவ்வேற்பாட்டை ஒழுங்கு செய்ய முற்பட்டனர். 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் அமைந்தது. தகரச்சீட்டு முறையும் வழக்கிற்கு வந்தது. எண் பொறித்த சிறு தகரத் துண்டொன்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் அளிக்கப்பட்டது. அதனைக் காட்டியவனை அரசாங்கம் தன் செலவில் ஏற்றி அனுப்பி, அச்செலவைப் பின்னர் உரிய தோட்டத்திடம் அறவிட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமில் தொழிலாளர் தங்கவைக்கப்பட்டு, நோய் உண்டோ எனச் சோதிக்கப்பட்டு, அதன் பின்னரே கப்பலேறினர்.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டம் இவ்வேற்பாட்டிற்கு முழு வடிவம் தந்தது. கங்காணி தான் வேலை செய்யும் தோட்டத்தின் பேரில் அனுமதிப் பத்திரம் பெறவேண்டும். தெரிந்தெடுத்தவரைக் கிராம அதிகாரியின் முன் நிறுத்தவேண்டும். துறைமுகத்தில் குடியகல்வோர் பாதுகாவலர் என்னும் உத்தியோகத்தர் அவர்களைப் பார்வையிடுவார். கரையேறிய பின் அவர்கள் நலங்காண இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் இருந்தார். ஊரில் தெரிவு, நாட்டளவில் அனுமதி என்னும் இரு படிகளும் இவ்வாறு ஒன்றோடொன்று இணைந்தன. இன்று கனடாவில் மாகாணம் ஒருவரைத் தெரிந்து நியமிக்க, மத்திய அரசு இறுதி அனுமதி வழங்கும் முறையை நம்மவர் பலர் அறிவர். அங்கு அவ்வனுமதியோடு நிலையாக வாழும் உரிமையும் சேர்ந்து வருகின்றது. இங்கோ அவ்வாறு நிகழவில்லை. தகரச்சீட்டு ஒருவன் எந்தத் தோட்டத்திற்கு உரியவன் என்பதைச் சொல்லிற்றே அன்றி, இந்நாட்டில் அவனுக்கு என்ன உரிமை என்பதைச் சொல்லவில்லை.

1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் தேதி இந்திய அரசு, பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. இலங்கை அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியர் நீக்கப்பட்டமையே அதற்குக் காரணம். அனுமதி நின்றது, ஆயின் மக்களின் தேவை நின்றதில்லை. இரவில் தோணியேறி மன்னார், புத்தளம் கரைகளில் இறங்குவோர் உளராயினர். சுதந்திரத்தின் பின் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1952இல் கள்ளக் குடியேற்றத்தைத் தடுக்க இராணுவமே கரையோரக் காவலில் ஈடுபட்டது. ‘கள்ளத்தோணி’ என்னும் சொல் நாடெங்கும் பரவிற்று. அச்சொல் தோணியில் வந்தவரோடு நின்றிருப்பின் வியப்பில்லை. இரு அரசுகளின் அனுமதியோடு பகல் வெளிச்சத்தில் கப்பலேறி வந்தோரின் பேரப்பிள்ளைகள்மீதும் அது வீசப்பட்டதே கொடுமை.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானோர் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் தொடர்ந்து இங்கு வசித்தமையை அது நிரூபிக்கக் கேட்டது. மீண்டும் அதே இரு படிகள்: அவ்வப் பகுதியின் விசாரணை உத்தியோகத்தர் அறிக்கை தருவார், கொழும்பிலிருந்த ஆணையாளர் தீர்ப்பார். முன்னர் மனிதனைக் கொண்டுவரக் கைகோத்த இரு படிகளும் இப்பொழுது அவனை வடிகட்டக் கைகோத்தன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சுமார் 8,25,000 பேர் சார்பில் அனுப்பப்பட்டன. உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேர் மட்டுமே. தோட்டத்தின் பதிவேடு தோட்டத்திடமும், முகாமின் பதிவேடு முகாமிடமும் இருந்தன; தொழிலாளியின் கையிலோ தன் வரவை நாட்டும் பத்திரம் பெரும்பாலும் இருந்ததில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சமமாகப் பிரித்துக்கொண்டன. தாயகம் திரும்பியோரை ஒரு காலத்தில் வழியனுப்பிய மண்டபம் முகாமே வரவேற்றது. 2003ஆம் ஆண்டின் சட்டமே இங்கு எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை அளித்தது.

ஊரார் தெரிவதும் அரசு இசைவதும் இணைந்து நடத்தல் நல்லதே. ஆயினும் வேலைக்கு அழைப்பதில் ஒன்றுபட்ட கைகள், வாழும் உரிமையைத் தருவதிலும் அன்றே ஒன்றுபட்டிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழாமையால், அனுமதியோடு வந்தவரின் வழித்தோன்றல்கள் அந்த அனுமதிக்கு விலையாக அரை நூற்றாண்டிற்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.