பெயர்ச்சீட்டும் சொற்பொருளும்

திருவொற்றியூர்த் திருக்கோயிலின் மகிழமரம் சுந்தரர் வரலாற்றால் தமிழுலகம் நன்கறிந்தது. சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரர் அம்மரத்தடியில் சூளுற்றதைச் சேக்கிழார் விரித்துரைப்பர். தாவர நூலார் அம்மரத்தை ‘மிமுசாப்ஸ் எலெங்கி’ என்பர். சுவீடன் நாட்டு லின்னேயசு 1753இல் இட்ட பெயர் இது. இதன் பிற்பகுதி இலத்தீன் அன்று. மலையாள ‘இலஞ்ஞி’ என்பதன் திரிபு. நம் நிகண்டுகளும் மகிழுக்கு இலஞ்சி என்னும் பெயர் தருகின்றன. எனினும் அச்சொல் ஐரோப்பாவை அடைந்தது மலைநாட்டு வழியே; சென்னை வழியே அன்று. இதன் காரணம் ஆராயத்தக்கது.

கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுப்பித்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் நாட்டுப் பெயரே தலைப்பு. படங்களில் அப்பெயர் மலையாள எழுத்திலும் பொறிக்கப்பட்டது. இட்டி அச்சுதன் என்னும் மருத்துவரின் சான்றுரையும் முதற்றொகுதியில் உண்டு. ஆதலின் லின்னேயசு அந்நூலிலிருந்து பெயர்களை எளிதில் எடுத்தாள முடிந்தது.

சென்னையிலும் அக்காலத்தில் இத்தகைய முயற்சி நிகழாமலில்லை. செயின்ட் சார்ச்சுக் கோட்டை மருத்துவராயிருந்த சாமுவேல் பிரவுன் 1690களில் இப்பக்கத்துச் செடிகளைத் திரட்டி உலர்த்தி இலண்டனுக்கு அனுப்பினார். (ஒற்றியூர் அப்போது கும்பினிக்கு உரியதன்று, 1708இலேயே அவர்கள் கைப்பட்டது.) மருந்துக் கடையினரான சேம்சு பெட்டிவர் அவற்றை ஆய்ந்து அரசவைக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். செடிகளுடன் வந்த தமிழ்ப் பெயர்கள் ‘மலபார்ப் பெயர்’ என்னும் குறிப்புடன் அங்கு இடம்பெற்றன. தமிழை மலபார் மொழி என்பது அன்றைய ஐரோப்பியர் வழக்கு. ஆனால் பெட்டிவருக்குத் தலைப்பாவது நீண்ட இலத்தீன் தொடரே. தமிழ்ப் பெயர் அதன் கீழ் உரோமன் எழுத்தில் ஒதுங்கி நின்றது. கேட்டெழுதியவர் செவியும் அச்சிட்டவர் எழுத்தும் தமிழுக்குப் பழகாதவை. ‘பாலை’ மரமாயினும் ‘பாளை’யாயினும் உரோமன் எழுத்தில் ஒன்றேயாகும், ழகரத்தின் நிலை சொல்ல வேண்டா.

விளைவு வியப்பிற்குரியது. சீட்டிலிருந்த ஊர்ப்பெயர் நிலைத்தது; செடியின் பெயர் நிலைக்கவில்லை. நம் முசுமுசுக்கைக்கு லின்னேயசு 1753இல் இட்ட பெயர் ‘குக்குமிஸ் மதராஸ்பட்டானஸ்’. மேலாநெல்லியும் ‘மதராஸ்பட்டென்சிஸ்’ என்னும் அடையுடன் வழங்குகிறது. சென்னைப்பட்டினத்தின் பெயர் உலகெங்கும் செல்ல, முசுமுசுக்கை என்னும் அழகிய சொல் உள்ளூரிலேயே தங்கிற்று.

இது தாவர நூலார் கவலை மட்டுமன்று. சங்க இலக்கியச் செடிகொடிகள் இன்னவை எனத் துணிவதில் உரையாசிரியர்களுக்கும் இக்கால ஆய்வாளர்க்கும் வேறுபாடு மிகுதி. நிகண்டு சொல்லுக்குச் சொல் தரும். பொருளைக் கண்ணுக்குக் காட்டாது. இலஞ்சி என்னும் சொல் மகிழையும் குறிக்கும், நீர்நிலையையும் குறிக்கும். உலர்த்திய தாவரத்தாளிலோ சொல்லும் செடியும் ஒருங்கே உள. சேகரித்த காலமும் ஏறத்தாழத் தெரிகிறது. ஒற்றியூர்க் கல்வெட்டுகளைப் படியெடுத்த ஆண்டும் எண்ணும் இட்டு மேற்கோள் காட்டும் நாம், இத்தாள்களையும் அவ்வாறே சொல் வரலாற்றிற்குச் சான்றாகக் கொள்ளலாம். பெயர் சொன்னவர் ஒருவரே, அது ஓரூர் வழக்கே என்று மறுப்பார் உளர். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே, ஆயினும் ஓரூர் வழக்கும் வழக்கேயன்றோ?

பெட்டிவர் 1718இல் மறைந்தபின் அவர் தொகுப்பை ஆன்சு சுலோன் வாங்கினார். இன்று அத்தாள்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. செடியை அடையாளங்காணத் தாவரவியலாரும், உரோமன் எழுத்தினின்று ல, ள, ழ வேறுபாட்டை மீட்கத் தமிழறிஞரும் அவற்றின்முன் ஒருசேர அமர்தல் வேண்டும்.