மோட்டாரைக் கழற்றிய பிறகு

கால்டர் குடும்பத்தில் சிற்பம் என்றால் கனம்தான். பிலடெல்பியா நகர மன்றக் கோபுரத்தின் உச்சியில் நிற்கும் 37 அடி வெண்கல வில்லியம் பென் தாத்தா செய்தது. அப்பாவும் சிற்பி. பேரன் அலெக்சாண்டர் கால்டர் மட்டும் வழிமாறி, இயந்திரப் பொறியியல் படித்து 1919-இல் பட்டம் வாங்கினார். அந்தப் படிப்பு வீண்போகவில்லை.

1926-இல் பாரிஸ் போனவர் கம்பி, தக்கை, துணி கொண்டு ஒரு குட்டி சர்க்கஸ் செய்து, பெட்டியில் தூக்கிக்கொண்டு போய் நண்பர்களுக்கு நடத்திக் காட்டினார். 1930-இல் ஓவியர் மோந்திரியானின் பட்டறைக்குப் போனபோது, வெள்ளைச் சுவரில் ஒட்டியிருந்த வண்ண அட்டைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. இவற்றை ஆடவிட்டால் என்ன என்று கேட்டார். தன் ஓவியம் இப்போதே போதுமான வேகத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார் மோந்திரியான். நல்லவேளை. அவர் ஒப்புக்கொண்டிருந்தால் கால்டர் தனியாக உட்கார்ந்து யோசித்திருப்பாரா என்பது சந்தேகம்.

முதலில் தன் சிற்பங்களை மோட்டார் வைத்தும் கைப்பிடி வைத்தும் சுழற்றினார். 1931-இல் அவற்றைப் பார்த்த கலைஞர் மார்செல் துஷாம்ப் ‘மொபைல்’ என்று பெயர் சூட்டினார். ஆனால் மோட்டாருக்குத் தெரிந்தது ஒரே ஆட்டம். அதையேதான் திரும்பத் திரும்ப ஆடும். பொறியாளருக்கே அது சலித்துவிட்டது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, வேலையைக் காற்றிடம் கொடுத்தார். இன்று நாம் அறிந்த தொங்கு சிற்பம் உண்மையில் பிறந்தது அப்போதுதான்.

அதைக் கட்டுவது கீழிருந்து மேலே. கடைசிக் கம்பியின் இரு முனையிலும் தகடுகளை மாட்டி, அது சமநிலையில் நிற்கும் புள்ளியைத் தேட வேண்டும். வெள்ளிக்கோலில் தூக்குக் கயிற்றை நகர்த்துவதுபோல, கனமான பக்கம் நோக்கிப் புள்ளி நகரும். அங்கே வளையம் போட்டு அடுத்த கம்பியில் தொங்கவிட்டால், கீழே உள்ள மொத்தமும் அதற்கு ஒரே எடை. இப்படியே மேலே ஏற வேண்டும். தகடுகளைக் கால்டர் கையால் வெட்டுவார். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாக இருந்தால் அது வெறும் தராசு. குறடால் முறுக்கிய வளையங்களையும் அவர் மறைத்ததில்லை.

1958-இல் அவர் செய்த கருப்பு, வெள்ளை மொபைல் ஒன்று பிட்ஸ்பர்க் விமான நிலையத்துக்குப் போனது. அதற்கு அதிகாரிகள் பச்சையும் தங்கமும் பூசி, தன்னிச்சையாக அசையவிடாமல் கட்டுப்படுத்தினார்கள். கால்டர் எதிர்த்தார், பலனில்லை. 1976-இல் அவர் இறந்த பிறகுதான் அதற்குப் பழைய நிறமும் அசைவும் திரும்பின.